படகின் வினைல் ஜன்னலில் விரிசல் விட்டால்: அடுத்த துறைமுகம் வரை தாங்கும் பழுதுபார்ப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் லங்காவித் தீவில், பாய்மரப் படகுகளுக்குக் கான்வாஸ் கூரையும் அவற்றின் வினைல் ஜன்னல்களும் தைக்கும் பட்டறையில் நான் வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் விரிசல் ஜன்னல்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஏற்கெனவே யாரோ அவசரமாக ஒட்டிய டேப் தொங்கிக்கொண்டிருக்கும். டேப் மோசமானதாக இருந்ததால் அவை பிரிந்ததில்லை, வேலையை வரிசை மாற்றிச் செய்ததால்தான் பிரிந்தன. புதிதாகப் பட்டறைக்கு வரும் உதவியாளர்களும் அதே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்த பிறகே இந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

இது நிரந்தர வேலை அல்ல. சரியாகச் செய்தால் சில வாரங்களும், பல வேளைகளில் சில மாதங்களும் மழையையும் அலைத் தெறிப்பையும் வெளியே நிறுத்தும்.

1. முதலில் எந்தப் பொருள், எந்த வகை விரிசல் என்று பாருங்கள்

இங்கே சொல்லப்படும் முறை, அலைத் தெறிப்பைத் தடுக்கும் டாட்ஜர், படகை ஓட்டுபவர் அமரும் காக்பிட்டைச் சுற்றிய மழைத்திரை போன்றவற்றில் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்ட, வளையும் தன்மையுள்ள ஒளிபுகும் பிவிசிக்கு உரியது. இதைத்தான் வினைல் என்கிறோம். இது பொதுவாக 0.5, 0.75 அல்லது 1 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். கேபினின் பக்கவாட்டில் உள்ள விறைப்பான அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல்களுக்கு இந்த முறை பொருந்தாது.

பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள். அதற்குள் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்வூட்டிதான் அதை வளையச் செய்கிறது. வெயிலும் புறஊதாக் கதிரும் பட்டுப் பட்டு அந்த நெகிழ்வூட்டி வெளியேறும்போது ஜன்னல் மஞ்சளிக்கும், சுருங்கும், விறைக்கும், கடைசியில் மடிந்த இடத்திலோ தையல் ஓரத்திலோ விரிசல் விடும்.

ஆகவே ஓரத்தில் ஒரு மூலையை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் டேப் தாங்கும். வளைக்கும்போதே நொறுங்கும் சத்தம் கேட்டால், ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே அடுத்த விரிசல் பிறக்கும் என்பதால் டேப்பில் நேரத்தைச் செலவிடாமல் 8ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்.

அடுத்து, விரிசல் ஜன்னலின் நடுவில் உள்ளதா, தையலை ஒட்டி ஓடுகிறதா, துண்டே பறிபோய்விட்டதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதற்கு 5, 6ஆம் பகுதிகள். தையல் ஓரத்துக்கு 7. துண்டு போனதற்கு 8. ஆனால் 3, 4ஆம் பகுதிகளை எந்த வகையிலும் விட்டுவிடக் கூடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

வினைலுக்கென்று செய்யப்பட்ட ஒளிபுகும் பழுதுபார்ப்பு டேப் ஒரு சுருள் தேவை. டியர்-எய்ட் (Tear-Aid) என்னும் பிராண்டை வாங்குவதானால் அதில் ‘பி’ வகைதான் வினைலுக்கு உரியது. ‘ஏ’ வகை துணிகளுக்கானது. இரண்டின் பெட்டியும் ஒன்றுபோலவே தோன்றுவதால் தவறான வகையுடன் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கிடைக்காவிட்டால் பார்சல் ஒட்டும் ஒளிபுகும் டேப்பும் சில நாட்களுக்கு உதவும். வினைலில் மிச்சமிருக்கும் நெகிழ்வூட்டி சாதாரண டேப்பின் பசைக்குள் ஊறி அதைக் குழைய வைப்பதால், அது வாரக்கணக்கில் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சாம்பல் நிறத் துணி டேப்பைத் தவிருங்கள். பார்வையை மறைப்பதோடு, வெயிலில் உருகிய அதன் பசை கான்வாஸ் துணிக்குள் இறங்கிவிட்டால் அதை எடுப்பது மிகக் கடினம்.

இவற்றுடன் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம், நன்னீர், மெல்லிய பருத்தித் துணிகள், சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 2 முதல் 3 மில்லிமீட்டர் துளையிடும் தோல் பஞ்ச் கருவி, கூரிய கத்தரிக்கோல், அழுத்தித் தேய்க்க ஒரு கரண்டி அல்லது சிறு உருளை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். தையல் ஓரத்தில் கிழிந்திருந்தால் பாய் தைக்கும் ஊசியும், புறஊதா தாங்கும் பாலியஸ்டர் நூலும், பசை பூசிய டாக்ரான் பாய்த்துணித் துண்டும் வேண்டும்.

3. இழுப்பைத் தளர்த்துங்கள்

எல்லாத் தவறுகளிலும் பெரியது இந்தப் படியை விடுவது. சட்டத்தில் மாட்டியபடி இருக்கும் ஜன்னல் நாலா பக்கமும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. விரிசலின் இரு உதடுகளும் விலகி நிற்பதே அந்த இழுப்பினால்தான். அந்த நிலையில் டேப் ஒட்டினால் முழு இழுப்பையும் பசை ஒன்றே சுமக்க நேரிடும். வெயிலில் இளகிய பசை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து, இரண்டே நாளில் விரிசல் மீண்டும் வாய் திறக்கும்.

ஜிப்புகளைத் திறந்து, பிரஸ் பட்டன்களைக் கழற்றி, முடிந்தால் அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துச் சமதளமான பலகையின் மேல் விரியுங்கள். பலகையில் முதலில் ஒரு படுக்கை விரிப்பைப் போடுங்கள். மணல் துகள் ஒன்று அடியில் கிடந்தாலும் வினைலில் கீறல் விழும்.

கழற்ற முடியாத டாட்ஜராக இருந்தால், அதன் குழாய்ச் சட்டத்தைப் பின்னிழுக்கும் வார்களைத் தளர்த்தி, ஜன்னல் லேசாகத் தொய்யும்வரை விடுங்கள். உதவிக்கு ஒருவர் மறுபக்கத்திலிருந்து பலகையைத் தாங்கிப் பிடித்தால் அழுத்தி ஒட்டுவதற்கு ஆதாரம் கிடைக்கும்.

வேலை நேரமும் முக்கியம். நண்பகல் வெயிலில் வினைல் விரிந்து தளர்ந்திருக்கும். அப்போது ஒட்டினால் இரவில் அது சுருங்கும்போது டேப் சுருக்கம் விழுந்து ஓரம் தூக்கும். பனி ஈரம் காய்ந்த பிறகு, சூடு ஏறுவதற்கு முன்பாக, நிழலில் வேலை செய்வதே நல்லது. காலை ஒன்பது மணியளவில் தொடங்குவது எங்கள் வழக்கம்.

4. உப்பையும் எண்ணெயையும் நீக்குங்கள்

முதலில் நன்னீரைத் தாராளமாக ஊற்றி உப்புப் படிகங்களைக் கரைத்து ஓட விடுங்கள். காய்ந்த துணியால் துடைத்தபடி தொடங்குபவர்கள் உப்பைக் கொண்டே ஜன்னலைத் தேய்த்துவிடுகிறார்கள். பிறகு சோப்புத் திரவம் கலந்த நீரால் இரு பக்கமும் கழுவி, மீண்டும் நன்னீர் ஊற்றி, ஒற்றி எடுங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், அசிட்டோன், பெயின்ட் தின்னர் மூன்றும் வினைலுக்கு ஆகாதவை. கொசு விரட்டியில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருளும் வெயில் தடுப்புக் களிம்பும் வினைலைக் கெடுக்கும், பசையையும் பிடிக்க விடாது. எனவே வேலைக்கு முன் கைகளைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள். மாலை வேலைக்கு முன் உடம்பெல்லாம் கொசு விரட்டி பூசிக்கொண்டு வந்த ஓர் உதவியாளரின் ஐந்து விரல் அடையாளங்கள் ஒரு புதிய ஜன்னலில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டன.

கடைசியாக, டேப் படப்போகும் பட்டையில் மட்டும் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்து உடனே உலர்த்துங்கள். விலை உயர்ந்த சில வினைல் தகடுகளின் மேல் கீறல் தாங்கும் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சை ஆல்கஹால் பாதிக்கக்கூடும், டேப்பும் அதில் பலமாகப் பிடிக்காது. ஆகவே ஒரு மூலையில் சிறு துண்டை ஒட்டிப் பத்து நிமிடம் கழித்து உரித்துப் பாருங்கள். எதிர்ப்பின்றிக் கழன்றால் டேப்பின் அகலத்தை இரு மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

விரிசலுக்குள் தங்கிய ஈரம் முழுவதும் காயும்வரை காத்திருங்கள். இரண்டு டேப்புகளுக்கு நடுவே அடைபட்ட ஈரம் பால்போல் வெளுத்துப் பார்வையை மறைப்பதோடு, பசையையும் உள்ளிருந்தே தளர்த்தும்.

5. விரிசலின் முனையை நிறுத்துங்கள்

விரிசல் தானாக நிற்பதில்லை. அதன் கூரிய முனையில் இழுப்பு முழுவதும் குவிவதால், காற்று ஜன்னலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது சற்று முன்னேறும். முனையில் வட்டமான துளை இருந்தால் அந்த இழுப்பு துளையின் விளிம்பு முழுவதும் பரவிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் முனை பெரும்பாலும் உண்மையான முனை அல்ல. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெல்லிய வெள்ளைக் கோடு எங்கே மறைகிறது என்று பாருங்கள். அந்த இடத்திலோ, அதற்கு ஒரு மில்லிமீட்டருக்குள் அப்பாலோ துளையின் மையம் அமைய வேண்டும். விரிசலைத் தொடாமல் தள்ளி இட்ட துளையால் பயனில்லை. விரிசல் அதன் பக்கமாக ஓடிப் போய்விடும்.

வினைலுக்கு அடியில் மரத்துண்டு வைத்து, பஞ்ச் கருவியால் ஒரே அடியில் துளையுங்கள். சூடான ஆணி வேண்டாம், அது துளையைச் சுற்றி விறைத்த விளிம்பை விட்டுச் செல்லும். கத்தி முனையும் வேண்டாம், அது புதிய கூர்முனையை உண்டாக்கும். சுழலும் துளைப்பான் மெல்லிய வினைலைக் கவ்விச் சுருட்டிக் கிழித்துவிடும். விரிசல் கிளைத்திருந்தால் ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு துளை இடுங்கள்.

6. இரு பக்கமும் டேப் ஒட்டுங்கள்

முதலில் வெளிப்பக்கத்தில், விரிசலுக்குக் குறுக்காக 5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று சிறு டேப் துண்டுகளை ஒட்டி இரு உதடுகளையும் ஒன்றோடொன்று பொருந்த நிறுத்துங்கள். காயத்துக்குத் தையல் போடுவது போன்ற தற்காலிகப் பிடி இது. உதடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது.

ஜன்னலைத் திருப்பி, உட்பக்கத்தில் விரிசலின் நீளத்தோடு முழு டேப்பை ஒட்டுங்கள். விரிசலின் இருபுறமும் குறைந்தது 25 மில்லிமீட்டரும், முனைத் துளைகளைத் தாண்டி 40 மில்லிமீட்டரும் டேப் படிய வேண்டும். பிறகு மீண்டும் திருப்பி, குறுக்குத் துண்டுகளை உரித்தெடுத்து, வெளிப்பக்கத்துக்கு முழு டேப் ஒட்டுங்கள். வெளி டேப் உள் டேப்பைவிட ஒவ்வொரு பக்கத்திலும் 10 மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். இரண்டின் விளிம்புகளும் ஒரே கோட்டில் விழுந்தால், அங்கே விறைப்பான பகுதியும் மென்மையான பகுதியும் திடீரென்று சந்திக்கின்றன. காற்றில் ஜன்னல் அசையும்போது அந்தக் கோட்டில்தான் அடுத்த விரிசல் பிறக்கும்.

ஒட்டுவதற்கு முன் டேப்பின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். 20 சென் நாணயத்தை வைத்துக் கோடிட்டால் போதும். கூரான மூலைதான் முதலில் தூக்கும், அதன் அடியில்தான் உப்பு புகும்.

டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இழுபட்ட டேப் மெல்லச் சுருங்கி, ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு எழும். பின்தாளை ஒரேயடியாக உரிக்காமல், ஒரு முனையில் சிறிது உரித்து, ஒட்டி, அழுத்தி, பிறகு அடுத்த பகுதியை உரியுங்கள். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். இந்த வகைப் பசை அழுத்தத்தால் பிடிப்பது, ஆகவே விளிம்புகளை இன்னொரு முறை அழுத்தித் தேய்ப்பதில் சோம்பல் வேண்டாம்.

ஒரு டேப்பின் அகலம் போதாமல் பலவற்றை அடுக்க நேர்ந்தால், கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். ஓட்டுக் கூரையைப்போல மேலுள்ளது கீழுள்ளதன்மேல் படிந்தால் மழைநீர் வழிந்தோடும். மாறாக இருந்தால் ஒவ்வொரு விளிம்பும் நீரைப் பிடித்து வைக்கும்.

7. தையலை ஒட்டிக் கிழிந்திருந்தால்

தையல் ஓரம் தபால்தலையின் துளையிட்ட ஓரத்தைப் போன்றது. ஊசித் துளைகள் வரிசையாக இருப்பதால் விறைத்த வினைல் அந்த வரிசையிலேயே அறுந்துபோகும். இங்கே மறுபடியும் வினைலில் நெருக்கமாகத் தைப்பவர்கள், அறுந்த வரிசைக்கு அருகில் இன்னொரு வரிசையை அறுப்பதற்குத் தயார் செய்கிறார்கள்.

வெறும் டேப்பும் இங்கே போதாது. கான்வாஸாகப் பயன்படும் அக்ரிலிக் துணியில் நீர் ஒட்டாத பூச்சு இருப்பதால் பசை அதில் சரியாகப் பிடிக்காது. ஆகவே வினைல் பக்கத்தைப் பசையாலும் துணிப் பக்கத்தை நூலாலும் பிடிக்க வேண்டும்.

சுமார் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள டாக்ரான் பட்டையை எடுத்து, அதில் 5 சென்டிமீட்டர் வினைலின்மேலும் எஞ்சியது துணியின்மேலும் படியுமாறு ஒட்டுங்கள். பிறகு துணியின்மேல் உள்ள பகுதியை மட்டும் 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளத் தையல்களால் கையால் தையுங்கள். பழைய துளைகள் தெரிந்தால் அவற்றின் வழியே ஊசியைச் செலுத்துங்கள். உட்பக்கத்திலும் இன்னொரு பட்டை வைத்து ஒரே நூலில் இரண்டையும் கோத்துவிட்டால் பலம் கூடும்.

டாக்ரான் ஒளிபுகாதது. ஓரத்தில் 5 சென்டிமீட்டர் பார்வை போவது பெரிய இழப்பல்ல.

8. துண்டு பறிபோயிருந்தால், அல்லது ஜன்னல் நொறுங்குமளவு விறைத்திருந்தால்

சாப்பாட்டு மேசைமேல் விரிப்பதற்கு மீட்டர் கணக்கில் விற்கும் ஒளிபுகும் பிவிசி தாள் இங்கே கைகொடுக்கும். 0.5 மில்லிமீட்டர் கனம் போதும். அதில் புறஊதாப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது, அடுத்த துறைமுகம் வரையான பயணத்துக்கு அது குறையாகாது.

சிறு ஓட்டையாக இருந்தால், அதைவிட எல்லாப் பக்கமும் 40 மில்லிமீட்டர் பெரிய வட்டமோ நீள்வட்டமோ வெட்டி, வினைல் பசையால் ஒட்டலாம். ஓட்டையின் கிழிந்த விளிம்பை முதலில் கத்தரித்து வளைவாக்குங்கள். இரு பரப்பிலும் மெல்லிய ஒற்றைப் பூச்சாகப் பசை தடவி, தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை விட்டு, பிறகு அழுத்துங்கள். ஈரமாகவே ஒட்டினால் அடைபட்ட கரைப்பான் வினைலைச் சுருக்கி மங்கலாக்கும். 24 மணி நேரம் அதன்மேல் இழுப்பு ஏற்றாதீர்கள்.

இந்தப் பசைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடிப்பகுதியில் போய்த் தேங்கும். கரையில், காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து செய்யுங்கள். படகிலேயே செய்ய நேர்ந்தால் அடுப்பும் இயந்திரமும் அணைந்திருக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய் ஒட்டும் பிவிசி பசையைக் கொண்டு வருபவர்கள் உண்டு. அது விறைப்பாக உலர்வதால், வளையும் வினைலில் ஒட்டிய பட்டையின் ஓரத்திலேயே புதிய முறிவு விழும். உடனடிப் பசையின் நிலையும் அதுவே. சிலிகான் இன்னும் கெடுதல். தானும் பிவிசியில் நிலைத்துப் பிடிக்காது, அது பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் டேப்பும் பிடிக்காது.

ஜன்னல் முழுவதும் விறைத்திருந்தால் ஒட்டுப் போடுவதில் பொருளில்லை. பழைய வினைலைச் சட்டத்திலேயே விட்டு, புதிய தாளை வெளிப்பக்கத்தில் துணி ஓரம் வரை விரித்து, துணியோடு சேர்த்துப் பெரிய தையல்களால் சுற்றிலும் தைத்துவிடுங்கள். உடைந்த துண்டுகள் பறக்காமலும் இருக்கும், மழையும் நிற்கும். இரண்டு அடுக்குகளுக்கு இடையே நீராவி படிந்து காட்சி மங்கும் என்பதால், இதைச் சுக்கானுக்கு நேர் எதிரே உள்ள ஜன்னலில் செய்யாதீர்கள்.

9. சுக்கான் பிடிப்பவரின் பார்வை

ஒட்டி முடித்ததும் சுக்கான் அருகே நின்றும் உட்கார்ந்தும் அணியத்தின் (படகின் முன்முனையின்) இரு பக்கமும் பாருங்கள். பகலில் தெளிவாகத் தெரியும் டேப், இரவில் எதிர்ப்படும் கப்பலின் விளக்கைச் சிதறடித்து இரண்டு மூன்றாகக் காட்டும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு பன்னாட்டு விதிகளின் 5ஆம் விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் முறையான கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. நேர்ப்பார்வையில் டேப் குறுக்கிடுமானால், இரவு ஓட்டத்தின்போது அந்த ஜன்னலைச் சுருட்டி மேலே கட்டுவதோ கழற்றி வைப்பதோதான் சரி. நனைந்தாலும் பரவாயில்லை.

பலத்த காற்றுக்கு முன்பும் அப்படியே. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் இரவிலும் விடியற்காலையிலும் பாயும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சில நிமிடங்களுக்குள் வந்துவிடும். ஒட்டுப்போட்ட ஜன்னலைக் கழற்றும் வசதி இருந்தால் இரவு நங்கூரமிட்டபோதே கழற்றிவிடுங்கள்.

10. ஒட்டிய பின் காக்க வேண்டியவை

அக்ரிலிக் பசை தன் முழு வலிமையை அடைய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை ஜன்னலைத் தளர்வாகவே மாட்டி வையுங்கள். ஜிப்பை முழுவதும் பூட்டியே ஆக வேண்டும் என்றால் மறுநாளாவது பூட்டுங்கள்.

அதன் பிறகு மடிப்பதை அறவே நிறுத்துங்கள். ஒரு பிவிசி குழாயின்மேல் மெல்லிய துணியைச் சேர்த்துச் சுருட்டுவதே பாதுகாப்பு. டேப் உள்ள பகுதி சுருளின் வெளிச்சுற்றில் அமையட்டும், அங்கே வளைவு குறைவு.

ஜன்னல் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் உரசும் இடத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வெயிலில் சூடேறிய குழாய் வினைலைச் சுட்ட அடையாளம் அது. அந்தக் குழாயில் வெள்ளைத் துணி உறை ஒன்றைத் தைத்துப் போட்டால், விரிசலை உண்டாக்கிய காரணங்களில் ஒன்றாவது நீங்கும்.

முதல் வாரம் தினமும் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். தூக்கிய ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டினால் உள்ளே புகுந்த உப்பையும் சேர்த்தே ஒட்டுகிறோம். அந்தப் பகுதியை வெட்டி நீக்கி, கழுவி, உலர்த்திப் புதிய துண்டு போடுவதுதான் முறை.

11. நிரந்தர வேலைக்குக் கொடுக்கும்போது

டேப்பை உரித்துச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டியதில்லை. உரிக்கும்போது ஜன்னல் துண்டு துண்டாகிவிட்டால் தைப்பவருக்கு வடிவமே கிடைக்காது. அதேபோல், பழைய ஜன்னலை மட்டும் அளவாகக் கொடுத்துவிட்டுப் படகோடு போய்விடாதீர்கள். அது பல ஆண்டுகளில் சுருங்கியிருக்கும். அதே அளவில் தைத்தால் புதியதும் முதல் நாளிலிருந்தே இழுபட்டு நிற்கும். சட்டத்தை மாட்டிய நிலையில், பிரஸ் பட்டன்களுக்கு இடையேயான தூரத்தைப் படகிலேயே அளக்கச் சொல்லுங்கள். விரிசல் எந்த இடத்தில், எந்தத் திசையில் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்: மடிப்பில் தொடங்கியிருந்தால் சுருட்டி வைக்கும்படி ஜிப்பின் இடத்தையும், குழாய் உரசிய இடத்தில் தொடங்கியிருந்தால் அங்கே துணிப் பட்டையையும் தைக்கும்போதே மாற்றி அமைத்துவிடலாம்.